பனித்தளத்தில் ஒரு கூலியுழைப்பாளன்: ‘ஸ்லாப் ஷொட்’ திரைப்படமும் ரெஜி டன்லொப்பின் நீண்ட ஆட்டவாழ்வும்

1

விளையாட்டைப் பொருளாகக் கொண்ட கலைப்படைப்புகளைத் திறனாய்வாளர் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. உழைப்பு ஓய்ந்தபின் தொடங்குவதே விளையாட்டு என்றும், ஆதலின் அது உற்பத்தி உறவுகளுக்குப் புறம்பானது என்றும் கருதும் மனப்பாங்கே இதற்குக் காரணமாகும். சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட தமது கிரிக்கெட் நூலில், மேற்கிந்தியத் தீவுகளின் ஆட்டக்களத்தைக் குடியேற்ற ஆட்சியோடும் நிறபேதத்தோடும் வர்க்கத்தோடும் பிணைத்து நோக்கி, இம்மனப்பாங்கின் வறுமையை எடுத்துக்காட்டினார். எனினும் அவர் காட்டிய வழியிற் சென்றோர் சிலரே. குறிப்பாக, விளையாட்டே கூலியுழைப்பாக அமையும் தொழில்முறை ஆட்டக்காரனைக் கலை எவ்வாறு சித்திரித்துள்ளது என்பது இன்னும் விரிவாக ஆராயப்படவேண்டிய விடயமாகும்.

இவ்வகையில் 1977ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்லாப் ஷொட்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் கவனத்திற்குரியது. திரைக்கதையை எழுதியவர் நான்சி டௌட்; நெறிப்படுத்தியவர் ஜோர்ஜ் றோய் ஹில். பனிக்கட்டி ஹொக்கி ஆட்டக்காரனாகவும் அணியின் பயிற்றுநராகவும் ஒருங்கே விளங்கும் ரெஜி டன்லொப் என்ற பாத்திரத்தைப் போல் நியூமன் ஏற்று நடித்தார். அடிதடியும் ஆபாசப் பேச்சும் மலிந்த நகைச்சுவைப் படம் என்றே இது பொதுவாக அறியப்பட்டுள்ளது. இதனை முதன்முறை கண்டபோது நாமும் சிரித்தோம் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயின், எங்கே சிரித்தோம், யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்ற வினாக்கள் பின்னர் எம்மை உறுத்தின. அவ்வினாக்களே இக்கட்டுரையின் தொடக்கம். மூப்படைந்த ஒரு தொழிலாளியின் இறுதிப் பருவத்தை இப்படம் எவ்வளவு தூரம் உண்மையாகக் காட்டுகின்றது, எவ்விடத்தில் அவ்வுண்மையிலிருந்து பின்வாங்குகின்றது என்பவற்றை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

2

படத்தின் தோற்றுவாய் பற்றி முதலிற் சில செய்திகள் கூறுதல் பொருந்தும். நான்சி டௌட்டின் சகோதரர் நெட் டௌட், பென்சில்வேனியா மாநிலத்து ஜோன்ஸ்டவுன் நகரின் ‘ஜெற்ஸ்’ அணியில் ஆடியவர். அது தேசிய ஹொக்கிக் கூட்டமைப்பின் பெருநகர் அணிகளுக்குப் பல படிகள் கீழே, சிறு நகரங்களுக்கிடையே ஆடும் அணியாகும். அணி கைமாறப்போகின்றது என்ற செய்தியைச் சகோதரர் மூலம் அறிந்த நான்சி டௌட், அந்நகருக்குச் சென்று தங்கி ஆட்டக்காரரின் வாழ்வை நேரில் அவதானித்தார். உடைமாற்றும் அறையிலும் பேருந்திலும் நிகழ்ந்த உரையாடல்களை நெட் டௌட் ஒலிப்பதிவு செய்து உதவினார். படமும் பெரும்பாலும் அந்நகரிலேயே 1976இல் எடுக்கப்பட்டது. ஜெற்ஸ் ஆட்டக்காரர் சிலர் அதில் நடித்தும் உள்ளனர். கதையில் நகரின் பெயர் சாள்ஸ்டவுன் என்றும் அணியின் பெயர் ‘சீவ்ஸ்’ என்றும் மாற்றப்பட்டன.

ஜோன்ஸ்டவுன் எத்தகைய நகர் என்பதை அறியாமல் இப்படத்தின் உட்பொருளை அறிதல் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேம்பிரியா இரும்புக் கம்பனியைச் சூழ எழுந்த தொழில் நகர் அது. பிற்ஸ்பேர்க் நகரின் பெருமுதலாளிகள் தமது பொழுதுபோக்குக் கழகத்திற்கென வைத்திருந்த ஏரியின் அணை 1889ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி உடைந்தபோது, அந்நகரில் 2,209 பேர் மாண்டனர். கழகத்தவர் எவரும் சட்டத்தின்முன் பொறுப்பாளியாக்கப்படவில்லை. 1923இல் அவ்வாலைகள் பெத்லகேம் ஸ்டீல் நிறுவனத்தின் உடைமையாயின. படம் எடுக்கப்பட்ட காலத்தில் அந்நகரின் உருக்குத்தொழில் தேயத் தொடங்கிவிட்டது. மேலிருப்போரின் தீர்மானங்களுக்குக் கீழிருப்போர் விலை செலுத்துவது அந்நகரின் நீண்டகால அனுபவமாகும். நான்சி டௌட் கேட்டறிந்த பேச்சும் கண்டறிந்த முகங்களும் இவ்வனுபவத்திலிருந்து பிறந்தவையே.

ஆட்டக்காரரின் வசைமொழியை ஒரு பெண் எழுதினார் என்பது அக்காலத்துப் பத்திரிகைகளிற் பலருக்கு வியப்பளித்தது. கலையில் இடம்பெறத்தக்க மொழி எது, தகாதது எது என்ற வாதங்களிற் பழகிய எமது வாசகர்களுக்கு இவ்வியப்பின் வர்க்கச்சார்பை விளக்கவேண்டியதில்லை. உழைப்போர் பேசும் மொழியை உள்ளவாறு பதிவுசெய்தமை இப்படைப்பின் முதற் பலமாகும். ஆயினும் பேச்சைப் பதிவுசெய்வதுடன் நின்றிருப்பின் அது வெறும் இயற்பண்புவாதமாகவே முடிந்திருக்கும். வகைமாதிரியான சூழலில் வகைமாதிரியான மாந்தரைப் படைப்பதே யதார்த்தவாதத்தின் பண்பு என எங்கல்ஸ் 1888இல் மார்கரெற் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில் வற்புறுத்தினார். ரெஜி டன்லொப் அத்தகைய வகைமாதிரியா என்பதே அடுத்து எழும் வினா.

3

டன்லொப்பின் ஆட்டவாழ்வு மிக நீண்டது. ஆனால் அவ்வாழ்வின் வரலாற்றைப் படம் விரித்துரைப்பதில்லை. எத்தனை பருவங்கள் ஆடினான், எத்தனை கோல்கள் அடித்தான், எந்தெந்த ஊர்களில் உழன்றான் என்பன போன்ற கணக்கு எதுவும் நமக்குத் தரப்படவில்லை. இக்குறைபாடு கருதியே செய்யப்பட்டதோ அன்றோ, பொருள் நிறைந்தது. பெருநகர் அணிகளின் வீரருக்கே புள்ளிவிவரம் உண்டு. உதாரணமாக, 1946இல் தேசியக் கூட்டமைப்பில் ஆடத்தொடங்கிய கோர்டி ஹௌ இடையிற் சிறிது ஓய்வு பெற்றும் வேறு கூட்டமைப்பில் ஆடியும் 1980இல், தமது 52ஆவது வயதிலேயே, அக்கூட்டமைப்பின் களத்தைவிட்டு நீங்கினார். அவரது நீண்ட ஆட்டவாழ்வின் ஒவ்வொரு கோலும் எண்ணப்பட்டுள்ளது. அத்தகைய வீரரே, தம் அணியைச் சேர்ந்த வேறொருவர் தம்மினும் கூடிய சம்பளம் பெறுவதை 1960களின் இறுதியிற்றான் அறிந்துகொண்டார். கோல்களை எண்ணிய கூட்டமைப்பில் சம்பளங்கள் இரகசியமாகவே இருந்தன. புகழின் உச்சியில் நின்றவரின் நிலை இதுவாயின், அடிமட்டத்தில் ஆடிய டன்லொப்பின் நிலை எத்தகையதென ஊகிக்கலாம்.

படப்பிடிப்பின்போது நியூமனுக்கு 51 வயது. அவரே சறுக்குக் காலணி அணிந்து ஆடினார். முகத்திற் படிந்த மூப்பையும் பனித்தளத்தில் உடல் படும் சிரமத்தையும் ஒப்பனையால் மறைக்காது காட்டியமையாற் பாத்திரத்தின் ஆட்டவாழ்வு சொற்களின் உதவியின்றியே புலப்படுகின்றது. இப்பாத்திரத்திற்கு உடலன்றி வேறு உடைமை இல்லை, அவ்வுடலும் தேய்ந்துவிட்டது. உழைப்புச் சக்தியை விற்று வாழ்பவன் ஒவ்வொரு நாளும் அதனை மீளுற்பத்தி செய்தாகவேண்டும். ஆலைத்தொழிலாளியிடத்துப் பல்லாண்டுகளில் மெல்ல நிகழும் தேய்வு ஆட்டக்காரனிடத்து விரைந்து, எல்லோர் கண்முன்னும் நிகழ்ந்துவிடுகின்றது. இவ்வகையில் டன்லொப் தன்னைச் சூழ்ந்த நகரின் உருக்காலைத் தொழிலாளரது வாழ்வைச் சுருக்கிக் காட்டும் வகைமாதிரி எனக் கொள்ளுதல் தகும்.

ஆயினும் அவன் தொழிலாளி மட்டுமல்லன் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஆட்டக்காரனாகத் தன் உழைப்பை விற்கும் அவனே பயிற்றுநராகப் பிறரது உழைப்பை மேற்பார்வை செய்கின்றான். ஆலையின் கங்காணிக்கு உள்ள முரண்நிலை இது. கீழுள்ளோருடன் ஒரே அறையில் உடைமாற்றி ஒரே பேருந்திற் பயணஞ் செய்பவன், மேலுள்ளோரின் தேவைக்கேற்ப அவர்களை ஆட்டுவிக்கவும் வேண்டியவனாகின்றான். படத்தின் நாடகத்தன்மை முழுவதும் இம்முரணிலிருந்தே விரிகின்றது.

4

நகரின் ஆலை மூடப்படுவதால் பதினாயிரம் தொழிலாளர் வேலையிழக்கப்போகின்றனர் என்ற செய்தி கதையின் தொடக்கத்திலேயே வருகின்றது. ஆலை மூடினால் அணிக்கும் ஆதரவில்லை. பருவ முடிவில் அது கலைக்கப்படும். தோல்வியிற் பழகிய அணிக்கு முகாமையாளர் மக்கிரத் மூன்று புதிய ஆட்டக்காரரை மலிவாகக் கொண்டுவந்து சேர்க்கின்றார். மூக்குக்கண்ணாடி அணிந்து, விளையாட்டுப் பொம்மைகளுடன் வரும் ஹன்சன் சகோதரர் அவர்கள். அவர்கள் களமிறங்கியதும் எதிரணியினரை அடித்து நொறுக்குகின்றனர். காலியாகக் கிடந்த இருக்கைகள் நிரம்புகின்றன. மக்களுக்கு எது வேண்டும் என்பதை டன்லொப் கண்டுகொள்கின்றான். அதன்பின் வன்முறை அவ்வணியின் பிரதான பண்டமாகின்றது. எதிரணி வீரன் மக்கிறாக்கனின் தலைக்கு 100 டொலர் விலையை வானொலியிலேயே அறிவிக்கும் அளவுக்கு அவன் சென்றுவிடுகின்றான்.

இப்பகுதியை மனித இயல்பில் உறைந்துள்ள மூர்க்கத்தின் வெளிப்பாடாக விளக்குவது எளிது, ஆனால் தவறு. பார்வையாளர் கூட்டத்தில் உள்ளோர் யாவர்? சில வாரங்களில் வேலை இழக்கவிருக்கும் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினருமே. தமது வாழ்வைக் குலைக்கும் ஆற்றல் எதுவென்று காணவோ அதனைத் தொடவோ இயலாத நிலையில், தொட்டு அடிக்கத்தக்க ஓர் உடலைப் பனித்தளத்தில் அவர்கள் காண்கின்றனர். வர்க்கப் பகைமை திசைதிருப்பப்பட்டு ஊர்ப் பகைமையாக, அணிப் பகைமையாக நுழைவுச்சீட்டு விலைக்கு அவர்களுக்கே மீள விற்கப்படுகின்றது. படம் வெளிவருவதற்குச் சற்று முன்னர், 1974இலும் 1975இலும், முரட்டு ஆட்டத்திற்குப் பேர்போன பிலடெல்பியா அணி தேசியக் கூட்டமைப்பின் ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றிருந்தது. வன்முறையின் சந்தை மதிப்பு தொழில்முறை ஹொக்கியின் உச்சியிலேயே நிறுவப்பட்டிருந்த காலம் அது என்பதை இச்செய்தி உணர்த்தும்.

டன்லொப் செய்யும் இரண்டாவது காரியம் இதனினும் ஆழமானது. ஆட்டக்காரர் மனந்தளராதிருக்க, புளோரிடா மாநிலத்தில் ஓய்வுபெற்றோர் வாழும் குடியிருப்பொன்று அணியை விலைக்கு வாங்கப்போவதாக ஒரு பொய்யை உள்ளூர்ப் பத்திரிகையாளர் மூலம் பரப்புகின்றான். அப்பொய்யை அனைவரும் நம்புகின்றனர். அவனும் அதனை ஏறத்தாழ நம்பத் தலைப்படுகின்றான். உருக்காலையின் புகைக்கும் பனிக்கும் அப்பால் வெயில் நிறைந்த ஒரு தெற்கு. அங்கே தம்மை விலைகொடுத்து ஏற்கும் ஒரு புதிய உடைமையாளர். கருத்துநிலை என்பது மேலிருந்து திணிக்கப்படும் பொய் மாத்திரமன்று, கீழிருப்போர் தமது ஏக்கங்களால் தாமே நெய்துகொள்ளும் ஆறுதலுமாகும் என்பதை இவ்வளவு எளிமையாகக் காட்டிய படங்கள் அதிகமில்லை. தம்மைக் காக்கவல்லது தமது ஒற்றுமை என்று அவர்கள் எண்ணவில்லை. நல்ல முதலாளி ஒருவர் வருவார் என்றே எண்ணுகின்றனர்.

5

படத்தின் உச்சம் இறுதி ஆட்டமன்று. அதற்கு முன்னர் வரும் அமைதியான ஓர் உரையாடலே உச்சம் என்பது எமது கருத்து. அணியின் உடைமையாளர் யாரென டன்லொப்புக்கு நெடுங்காலம் தெரியாது. இறுதியில் முகாமையாளரை நெருக்கி அறிந்துகொண்டு அவ்வீட்டிற்குச் செல்கின்றான். அங்கே அனிற்றா மக்கேம்பிறிட்ஜ் என்னும் பெண்மணி அவனை இனிய முறையில் வரவேற்கின்றாள். அணி இப்போது வெற்றி பெறுகின்றது, ஆதலின் விற்கமுடியும் என்கின்றான் அவன். விற்கமுடியும் என்பதை அவளும் ஒப்புக்கொள்கின்றாள். ஆயின் அணியைக் கலைத்து வரிக்கணக்கில் நட்டமாகக் காட்டுவதே தனக்கு அதிக இலாபம் எனக் கணக்காளர் கூறியிருப்பதாக அமைதியுடன் தெரிவிக்கின்றாள். தன் பிள்ளைகளை ஹொக்கி பார்க்கத் தான் அனுமதிப்பதில்லை என்றும் கூறுகின்றாள்.

இக்காட்சியின் சிறப்பு யாதெனில், முதலாளியைக் கொடியவளாகச் சித்திரிக்கும் எளிய வழியைத் திரைக்கதை நாடாமையே. அவள் எவரையும் வெறுக்கவில்லை. அவள் மூலதனத்தின் ஆளுருவம், அவ்வளவே. ஆட்டக்காரர் இரத்தம் சிந்தி ஈட்டிய வெற்றி அணியின் பயன் மதிப்பை உயர்த்தியிருக்கலாம். ஆனால் கணக்கேட்டில் அவர்களது அழிவே அதிக மதிப்புடையது. நன்றாக உழைத்தால் நிலைக்கலாம் என்ற நம்பிக்கை, டன்லொப்பின் முழு ஆட்டவாழ்வையும் தாங்கிய நம்பிக்கை, ஒரே வாக்கியத்தில் தகர்கின்றது. தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாதென விலக்கப்படும் வன்முறை பிறர் பிள்ளைகளின் பிழைப்பாக அனுமதிக்கப்படுகின்றது என்ற உண்மையும் உடன் வெளிப்படுகின்றது.

ஆனால் இக்காட்சியிலேயே படத்தின் பலவீனமும் தலைகாட்டுகின்றது. சினங்கொண்ட டன்லொப், அவளது மகனின் பாலுணர்வைக் குறித்து மிக இழிவாகப் பேசிவிட்டு வெளியேறுகின்றான். எதிரணிக் கோல்காப்பாளனை வெகுளச்செய்ய அவன் முன்னர் கையாண்ட உத்தியும் இத்தகையதே. அங்கே இழிவுக்குள்ளானது அக்கோல்காப்பாளனின் மனைவி. தன் வர்க்க எதிரியை நேருக்குநேர் காணும் ஒரேயொரு கணத்தில் அவன் வாயில் வர்க்கத்தின் மொழி வரவில்லை. ஆண்மைச் செருக்கின் மொழியே வருகின்றது. இத்தகைய ஆட்டக்காரன் இவ்வாறுதான் பேசுவான் என்று வாதிடலாம். அது உண்மையே. எனினும் அவ்விடத்தில் அரங்கு சிரிக்கவேண்டுமென்றே காட்சி அமைக்கப்பட்டுள்ளது. நாம் சிரித்த இடங்களுள் இதுவும் ஒன்று. கணக்காளரின் வாக்கியம் விளைத்த அதிர்ச்சி அச்சிரிப்பிற் கரைந்துபோயிற்று என்பதை இப்பொழுது உணர்கின்றோம். பாத்திரத்தின் வரையறை வேறு, படைப்பின் வரையறை வேறு. இங்கே முன்னதைப் பின்னது விமரிசிக்கத் தவறி அதனுடன் ஒன்றிவிட்டது.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்பவர் பெண்பாத்திரங்களே. டன்லொப்பைப் பிரிந்து வாழும் மனைவி பிரான்சீன் சிகையலங்காரத் தொழில் செய்பவள். அணியின் வெற்றி தோல்விகளில் அவளுக்கு மயக்கமில்லை. தன் பிழைப்புக்குரிய வழியைத் தேடிக்கொண்டு ஊரைவிட்டுச் செல்கின்றாள். நெட் பிரேடனின் மனைவி லிலி, யாருமற்ற ஊரில் மதுவோடு காத்திருப்பவள். ஆட்டக்காரனின் கூலியுழைப்பை நாள்தோறும் சாத்தியமாக்கும் இப்பெண்களின் கூலியற்ற உழைப்பையும் தனிமையையும் படம் மறக்கவில்லை. எழுதியவர் பெண் என்பதன் பயனை இப்பகுதிகளிற் காணலாம்.

6

பிரேடன் கல்லூரியிற் பயின்றவன். வன்முறையில் இறங்க மறுப்பவன். அவனது மறுப்பு நேர்மையானதே. எனினும் அது தனிமனித மறுப்பாகவே நின்றுவிடுகின்றது. இறுதி ஆட்டத்திற்கு முன் டன்லொப் உண்மையை அணியினரிடம் ஒப்புக்கொண்டு, கடைசி ஆட்டத்தையேனும் பழைய முறையில் நேர்மையாக ஆடுவோம் என்கின்றான். எதிரணியோ அடியாட்களால் நிரம்பியுள்ளது. பெருநகர் அணிகளின் தேர்வாளர்கள் அரங்கில் உள்ளனர் என்று முகாமையாளர் கூறியதும் அந்நேர்மை ஒரு கணத்திற் கலைந்து அடிதடி மீள்கின்றது. அறத்தை ஒரு சொல்லால் வெல்லும் ஆற்றல் தொழிற்சந்தைக்கு உண்டு என்பதை இது நன்கு காட்டுகின்றது. அப்போது பிரேடன் பனித்தளத்தின் நடுவே தன் ஆடைகளை ஒவ்வொன்றாகக் களைந்தவாறு சறுக்கிச் செல்கின்றான். அதனைக் கண்டித்து மத்தியஸ்தரைத் தாக்கும் எதிரணியினர் ஆட்டத்தை இழக்கின்றனர். சீவ்ஸ் அணி வாகை சூடுகின்றது.

வன்முறையைப் பண்டமாக நுகரும் கூட்டத்தின்முன் உடலையே பண்டமாகக் காட்டிப் பரிகசிக்கும் இச்செயல் கூர்மையான அங்கதம். ஆனால் அது வழிகாட்டுவதில்லை. வெற்றி ஊர்வலத்தின் முடிவில் அணி இல்லாதொழிகின்றது. டன்லொப்புக்கு மினசோட்டாவில் பயிற்றுநர் வேலை கிடைக்கின்றது; தன் ஆட்டக்காரரையும் உடனழைத்துச் செல்லப்போவதாக அவன் மனைவியிடம் கூறுகின்றான். இன்னொரு பொய் தொடங்குகின்றது என்றே அவனது முகம் நமக்குச் சொல்கின்றது.

படம் முழுவதிலும் ஆட்டக்காரரின் ஒன்றிணைந்த நடவடிக்கைக்கு இடமில்லை. ஆலைத்தொழிலாளரின் தொழிற்சங்கமும் கதையில் ஓர் ஆற்றலாக இடம்பெறுவதில்லை. வரலாறு இவ்வாறு வெறுமையாக இருக்கவில்லை. 1957இல் டெட் லின்ட்சே முதலானோர் தேசியக் கூட்டமைப்பில் ஆட்டக்காரர் சங்கம் அமைக்க முயன்றனர். அணி உடைமையாளர் அம்முயற்சியை முறியடித்தனர். லின்ட்சே டெட்ரோயிற் அணியிலிருந்து சிக்காகோவுக்கு மாற்றப்பட்டார். 1967இல் சங்கம் மீள அமைக்கப்பட்டபோது அதன் தலைமையிலிருந்த அலன் ஈகிள்சன், பின்னர் 1998இல் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இத்துயர் நிறைந்த வரலாறும் டன்லொப்பின் உலகிற்கு உரியதே. அதனைக் கதைக்கு வெளியே நிறுத்தியமையால், மாற்று எதுவும் இல்லை என்ற தோற்றத்தைப் படம் தன்னையறியாமலே ஏற்படுத்திவிடுகின்றது.

7

படைப்பொன்றின் பிற்கால வாழ்வும் திறனாய்வுக்கு உரியது. படம் வெளிவந்த 1977ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜோன்ஸ்டவுன் மீண்டும் பெருவெள்ளத்திற்கு இரையாயிற்று. 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டுடன் ஜெற்ஸ் அணியும் இல்லாதொழிந்தது. 1980களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவிலேயே வேலையின்மை மிக உயர்ந்திருந்த நகரங்களுள் ஒன்றாக அது விளங்கியது. 1992இல் பெத்லகேம் நிறுவனம் அந்நகரைவிட்டு முற்றாக நீங்கியது. 1988இல் அங்கு தோன்றிய புதிய அணி, படத்தின் நினைவாகச் சீவ்ஸ் என்றே பெயர் பெற்றது. 2010இல் அவ்வணியும் தெற்கே, தென் கரோலினா மாநிலத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. தெற்கின் வெயில் பற்றி டன்லொப் புனைந்த பொய் இவ்வாறு மெய்யாயிற்று. நகருக்குத்தான் அதனாற் பயனில்லை.

மூலதனம் இப்படத்திலிருந்து எதனைத் தெரிந்தெடுத்துக்கொண்டது என்பதும் நோக்கத்தக்கது. வரிக்கணக்கு பேசிய உடைமையாளரை எவரும் நினைவுகூர்வதில்லை. ஹன்சன் சகோதரரே நினைவிலுள்ளனர். அவர்களாக நடித்தோர் பல்லாண்டுகள் ஊர்ஊராகச் சென்று அரங்குகளில் தோன்றினர். அவர்களை முன்னிறுத்தி 2002இலும் 2008இலும் தொடர்ப்படங்கள் வெளிவந்தன. பண்டமாகிய வன்முறையை அங்கதம் செய்த படைப்பே அப்பண்டத்தின் விளம்பரமாகிவிட்டது.

இன்று அவ்வங்கதத்தின் விலை இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. அடிதடிக்கென்றே பெயர்பெற்ற பொப் புரோபேர்ட் 2010இல் 45 வயதில் இறந்தபின், அவரது மூளையை ஆராய்ந்தோர், திரும்பத் திரும்பத் தலையிற் படும் அடிகளோடு தொடர்புடைய நோய் அதில் இருந்ததை 2011இல் அறிவித்தனர். தலைக்காயங்கள் தொடர்பாக முன்னாள் ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில் 2018இல் தேசியக் கூட்டமைப்பு, பொறுப்பை ஏற்காமலே, இழப்பீட்டு உடன்பாட்டிற்கு வந்தது. சாள்ஸ்டவுன் அரங்கில் விழும் ஒவ்வோர் அடியையும் இவ்வறிவுடனேயே நாம் இனிக் காணவேண்டியுள்ளது.

தொகுத்து நோக்குமிடத்து, ‘ஸ்லாப் ஷொட்’ முழுமையான யதார்த்தவாதப் படைப்பு அன்று. அது கண்ட உண்மையை அதன் சிரிப்பு பலவிடங்களில் மூடிவிடுகின்றது. ஆயினும் புள்ளிவிவரம் அற்ற ஒரு தொழிலாளியின் நீண்ட உழைப்புக்காலத்தை மையத்தில் நிறுத்தி, அவ்வுழைப்பின் முடிவைத் தீர்மானிப்பது திறமையோ விதியோ அன்று, ஒரு கணக்கேடே என்று வெகுசனக் கலையின் மொழியிற் சொன்னமை சிறிய சாதனையன்று. அக்காட்சி வரும்போது சிரிப்பை நிறுத்திக் கேட்கும் பார்வையாளரை உருவாக்குவது படத்தின் பணி மட்டுமன்று, திறனாய்வின் பணியுமாகும்.